இடது பெடலில் எத்தனை கிலோ

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் தராசு என்று பெயர். இருபத்தாறு வருஷமாக சைக்கிள் மெக்கானிக். கையில் எது கிடைத்தாலும் முதலில் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்ப்பார், சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வார், அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. சீட்டு, ஸ்டாண்டு, பூட்டுச் சங்கிலி எதுவும் தப்பாது. ஒருநாள் முதலாளியின் சாப்பாட்டு டப்பாவையே தூக்கி மாட்டிவிட்டு, 'ரெண்டு கிலோ நூறு. இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும்' என்று எழுதி வைத்தார். பட்டறையே சிரித்தது. முதலாளி மட்டும் அன்றிலிருந்து டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்ட ஆரம்பித்தார்.

அடுத்த மேஜை என்னுடையது. எனக்கு அவர் மாமா. அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் அக்காவின் இடது காலைப் பற்றித்தான் எழுத வருகிறது. அந்தக் கால் போனதற்கு மூன்று பேர் பொறுப்பு. மாமா, நான், அக்கா. அவள் சைக்கிளில் மாட்டின மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த நாட்களில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அக்கா தபால்காரி. பத்தொன்பது வருஷம் ஒரே ரவுண்டு. முந்நூற்று நாற்பது வீடு. அதில் பாதி ஒரு மேட்டுத் தெருவில் இருக்கிறது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டு வாங்கிவிட்டுத் திருப்பித் தர மாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன வருஷம் ஆபீசில் ஒரு புது விதி வந்தது. மதியம் ஒரு மணிக்குள் ரவுண்டு முடிய வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் தாமதமானால் ரவுண்டைப் பிடுங்கி, கடிதம் பிரிக்கிற கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. "அங்க போறதுக்கு ஜெயிலுக்குப் போகலாம், அங்கயாவது உக்கார விடுவாங்க" என்பாள்.

அவள் ஏற்கெனவே தாமதமாகிக்கொண்டுதான் இருந்தாள். முதலில் ஒன்றேகால், அப்புறம் ஒன்றரை. நாற்பத்தெட்டு வயது ஆகிவிட்டது, பார்சல்கள் பெருத்துவிட்டன என்று அவளும் சொன்னாள், நாங்களும் தலையாட்டினோம். எங்களில் ஒருத்தருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை.

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளலாமா என்று மாமா ஆபீசில் போய்க் கேட்டார். மாட்டலாம், ஆனால் பெடல் மிதித்தால்தான் ஓட வேண்டும், கையால் முறுக்கி ஓட்டுகிற வண்டி கூடாது என்றார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. தினமும் காலையில் சைக்கிளை நாலு படி தூக்கி ஏற்றித்தான் ஆபீஸ் கொட்டகைக்குள் நிறுத்த வேண்டும். அக்காவே தூக்க வேண்டும், உதவிக்கு ஆள் கிடையாது. அதனால் மாமாவுக்குக் கிராம் கணக்குப் பார்க்க முன்னெப்போதும் இல்லாத ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

அவர் தேடியது மைய மோட்டார். அது சக்கரத்தில் இருக்காது. இரண்டு பெடலுக்கும் நடுவில், அச்சு போகிற இடத்தில் உட்காரும். அதன் பலம் செயின் வழியாகப் போவதால் கியரும் சேர்ந்து வேலை செய்யும். மேடு ஏற அதுதான் லாயக்கு. விற்பனைக்காரரிடம் கெஞ்சி மூன்று மோட்டார்களைச் சோதனைக்கு வாங்கி வந்தார். டப்பாவில் போட்டிருந்த பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம்.

முதலாவது எருமை. ஐந்து கிலோ அறுநூறு கிராம், எழுநூற்றைம்பது வாட். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பயில்வான் மிதித்தாலும் பச்சைக்குழந்தை விரலால் சுற்றினாலும் ஒரே இழுப்பு. காலை நிறுத்தின பிறகும் அரை நொடி போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது வக்கீல். நாலு கிலோ இருநூறு, ஐந்நூறு வாட். இரண்டு காலும் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து அதற்கேற்பப் பலம் தரும். ஆனால் அளந்து, யோசித்து, முனகி, அப்புறம்தான் நகரும். மூன்றாவது பூனை. மூன்று கிலோ நூறு, இருநூற்றைம்பது வாட்தான். ஆனால் அழுத்தின அந்தக் கணமே, அழுத்தின அளவுக்கு, சத்தமில்லாமல் தூக்கிக் கொடுக்கும்.

பூனையின் எடை குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அழுத்தத்தை அளக்கிற சென்சாரை அச்சின் இடது பக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். இடது கால் கொடுப்பதை இரண்டால் பெருக்கி, இதுதான் ஆளின் மொத்தப் பலம் என்று எடுத்துக்கொள்ளும். மனுஷனுக்கு ரெண்டு காலும் ஒன்றுபோலத்தானே என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருப்பார்கள். மாமாவும் அப்படியே நினைத்தார். நோட்டில் ஒரு பக்கம் 'நல்லது', எதிர்ப்பக்கம் 'கெட்டது' என்று கோடு போட்டு வைத்திருந்தார். சென்சார் சமாசாரத்தை 'நல்லது' பக்கத்தில் எழுதினார்.

ஒரு மாதம் சோதனை நடந்தது. தபால் பையில் இருபது கிலோ மணல் மூட்டை வைத்துக்கொண்டு, அக்காவின் மேட்டுத் தெருவிலேயே, ஒவ்வொரு மோட்டாருக்கும் பத்து நாள் ஏறி இறங்கினார். எத்தனை நிமிஷம், எவ்வளவு பேட்டரி, எங்கே திணறியது என்று எல்லாம் எழுதினார். தெருக்காரர்கள் ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பூனைதான் என்று முடிவானது. சும்மா சொல்லக்கூடாது, பெண்டாட்டிக்கு ஒரு சாமான் வாங்க இவ்வளவு மெனக்கெட்ட மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த முப்பது நாளில் அக்காவை ஒரு தடவைகூட ஏற்றிப் பார்க்கவில்லை. இது அவர் ஒருவரின் தப்பு இல்லை, எங்கள் தொழிலின் வழக்கம். வண்டி சரியில்லை என்று யாராவது வந்தால் மெக்கானிக் ஏறி ஒரு சுற்று சுற்றி வருவோம். எங்கள் காலுக்குச் சரியாக ஓடினால் வண்டி சரி. ரசீதில் 'ஓட்டுபவர் பழக்கம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

மாட்டிக்கொடுத்த நாலாம் நாள் அக்கா சொன்னாள்: "மேட்டுல ஏறவே மாட்டேங்குதுங்க. பேருக்குத்தான் மோட்டார் இருக்கு."

மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பூனை அவரைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் விட்டது. என்னையும் ஏறச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, நீ சரியாக மிதிக்கவில்லை என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வாடிக்கைக்காரர்களிடம் சொல்கிற குரலில் சொன்னார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு தடவை ஒருவாரம் கழித்துச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அதே பதில்தான். அதன் பிறகு அவள் மோட்டாரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பூனைக்கு ஞாபகசக்தி உண்டு. வாரம் முழுவதும் இடது பெடலில் சராசரியாக எத்தனை கிலோ அழுத்தம் விழுந்தது என்பதை அது சேமித்து வைத்திருக்கும். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தன் போனுக்கு மாற்றி, நோட்டில் எழுதுவார். முதல் வாரம் பதினொன்று. அதே மேட்டில் அவருக்கு இருபது வந்தது. அடுத்த வாரங்களில் பத்து, ஒன்பது, ஒன்பது, ஏழு.

சென்சார் பழுதோ என்று முதலில் நினைத்தார். நட்டும் போல்ட்டும் போட்டுக் கட்டின ஒரு சாக்கைக் கொக்கித் தராசில் நிறுத்துப் பார்த்து, சரியாக இருபது கிலோ ஆக்கி, இடது பெடலில் தொங்கவிட்டார். போன் இருபது என்று காட்டியது. பத்துக் கிலோ தொங்கவிட்டார், பத்து என்றது. "சென்சார் தங்கம்டா" என்றார் என்னிடம். அது சரியென்றால் தப்பு வேறு எங்கே இருக்கும்? இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேர் தலையிலும் அந்தக் கேள்வி உதிக்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவதென்றால் இதுதான்.

பட்டறையில் இதற்கு ஒரு ரெடிமேட் விளக்கம் இருந்தது. மோட்டார் மாட்டினவன் கால் மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுக்காது என்று எல்லா வாடிக்கைக்காரர்களையும் கேலி செய்வோம். அக்காவின் காலும் சோம்பேறி ஆகிவிட்டது என்று தீர்மானித்தோம். அவளுடைய நேரம் தப்பக் கூடாதே என்று, அழுத்தம் குறையக் குறைய மோட்டார் தரும் பலத்தை மாமா ஏற்றிக்கொண்டே போனார். இந்த யோசனையை முதலில் சொன்னவன் நான். கால் ஒரு கிலோ குறைத்தால் பூனை இரண்டு கிலோ கூட்டிக் கொடுக்கும்படி ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் மாற்றி வைப்பார். அக்கா பன்னிரண்டே முக்காலுக்கு ரவுண்டை முடிக்க ஆரம்பித்தாள். ஆபீசில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்கும்தான்.

எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ, ஒருநாள் அவள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. அது விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. படியேறும்போது நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள். "கவலப்படாத, விலாசம் எழுதாத செருப்பு, நாளைக்கு உன் பையிலயே திரும்பி வரும்" என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பாதத்தைக் கையால் தூக்கிப் பார்த்தாள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாளிலிருந்து கடிதக் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டு இரண்டை இடது செருப்போடு சேர்த்துப் பாதத்தில் மாட்டிக்கொண்டாள். ரத்தம் கட்டுகிற அளவுக்கு அது இறுக்கமாக இருந்தது. மாமா வார் வைத்த செருப்பாக வாங்கிக்கொள் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் நாலு கிலோ என்று எழுதினார்.

பன்னிரண்டாவது வாரம் புதன்கிழமை காலை, கட்டிலை விட்டு இறங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடது கால் கூடவே வரவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது என்று சொன்னாள். மாமா எனக்குப் போன் செய்து, மோட்டார் மாட்டின வண்டிகளில் எதை எடுத்தால் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம் என்று கேட்டார். நான் கத்திய பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

முதுகெலும்புக்குள் ஒரு கட்டி இருந்தது. கோலிக்குண்டு அளவு, புற்றுநோய் இல்லை. மெதுவாக வளர்ந்து நரம்பை ஒரு பக்கமாக நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாளாகக் கால் பலம் குறைந்து வருகிறது என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா மழுப்பினாள். மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். பதினொன்று, பத்து, ஒன்பது என்று இறங்கி, கடைசி வாரம் ஒன்றரையில் நின்றது. தேதி, கிழமை, தசமப் புள்ளி எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மோட்டார் பலத்தை எவ்வளவு ஏற்றினோம் என்ற குறிப்பும் இருந்தது.

"இத எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"இது அவங்க காலோட பலம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"மோட்டார் சரியா இருக்கான்னு பாக்க எழுதினேங்க" என்றார் மாமா.

டாக்டரம்மா கடைசி எண்ணில் விரலை வைத்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு ஒழுங்காக வாராவாரம் அளக்க மாட்டார்கள் என்றார். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் இந்த நோட்டோடு வந்திருந்தால் கால் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்றும் சொன்னார். திட்டவில்லை. நோட்டை மூடி மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை எடுத்தார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சில் மாமா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எருமையை மாட்டியிருந்தால் அது எதையும் அளந்திருக்காது, அவளும் சுகமாக ஏறியிருப்பாள், எனக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வக்கீலை மாட்டியிருந்தால் வலது கால் பலத்தில் ஓடியிருக்கும். நான்தான் தேடித் தேடி இடது காலைச் சொல்கிற மோட்டாரை மாட்டினேன், அது வாராவாரம் என்னிடம் சொன்னது, நான் அதன் வாயை அடைக்கப் பலத்தை ஏற்றினேன்.' நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏற்றச் சொன்னவன் நானாயிற்றே.

கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது கால் தப்பித்தது. இடது கால் அசையவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, ஒரு வருஷத்துக்குள் கொஞ்சம் திரும்பினால் உண்டு, அதற்குமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள், அக்காவுடன் வேலை செய்கிறவர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மாதம் ஒருநாள்கூடத் தாமதமில்லாமல் ரவுண்டு முடித்ததற்கு ஆபீஸ் கொடுத்த பாராட்டுக் கடிதம். அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் மாமா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, தொங்கவிட்ட சாக்கு, ஏற்றின பலம் எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, "ஆறு மாசமாவே மரத்துப் போயிருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட போனா ரவுண்ட எடுத்துடுவாங்கன்னு நான் சொல்லல" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இதைத்தான் தாங்கவில்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பட்டறைக்கு வருகிறார், வேலை செய்கிறார். தராசு என்று யாரும் கூப்பிடுவதில்லை. நாங்களாக நிறுத்திவிட்டோம். யாராவது வந்து வண்டி சரியில்லை என்றால் அவர் ஏறிப் பார்ப்பதில்லை. உங்களுக்குக் கால், இடுப்பு, முதுகு ஏதாவது செய்கிறதா என்று கேட்கிறார். இளவட்டங்களுக்கு எரிச்சல் வருகிறது. முதலாளிக்கும்தான். ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்கே போய்விட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அக்காவைக் காலுக்குப் பயிற்சி செய்ய வைக்கிறது அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் செய்து காட்டியபடி, அவளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அவளுடைய இடது பாதத்தின் அடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அவள் அந்தக் கையைத் தள்ள வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து எண்ணிக்கை. இருபது தடவை. நேற்று அவரைக் கூட்டிப் போக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. அக்காவின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு, தன் உள்ளங்கையில் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தார்.

"ம், அழுத்து" என்றார் மெதுவாக.

"அழுத்திக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் அக்கா.